டிபென்ட் ஆன்: கயிறு யார் கையில?

'ஐ டிபென்ட் ஆன் யூ'ன்னு சொல்றப்போ ஏதோ ஒருத்தர் தோள்ல சாய்ஞ்சு நிக்கிற மாதிரி தோணும். ஆனா வார்த்தையைப் பிரிச்சுப் பார்த்தா நிக்கவே இல்லீங்க, தொங்குறோம்! லத்தீன்ல 'டி'ன்னா கீழே, 'பென்டேரே'ன்னா தொங்குவது. கழுத்துல ஆடுற பென்டன்ட், சுவர்க் கடிகாரத்துப் பெண்டுலம், ஆபீஸ்ல தூசி படிஞ்சு கிடக்குற பென்டிங் ஃபைல், எல்லாம் ஒரே குடும்பம். நாமளும் 'வேலை தொங்கல்ல இருக்கு'ன்னுதானே சொல்றோம்?

நம்ம 'சார்ந்திருத்தல்' வேற. அதுல சாய்மானம்தான் இருக்கு. சாய்ஞ்ச சுவர் போனாலும் கால் தரையில இருக்கும். தொங்குறவனுக்குக் கயிறு போனா கதை முடிஞ்சுது.

இந்தத் தொங்கலைச் சட்டமாவே எழுதி வெச்ச கதையும் உண்டு. 1720-ல பிரிட்டிஷ் பாராளுமன்றம் அயர்லாந்துக்கு ஒரு சட்டம் போட்டது. அதோட தலைப்பிலேயே 'டிபென்டென்சி' இருக்கு. அதாவது, அயர்லாந்து பிரிட்டிஷ் முடியைச் சார்ந்திருப்பதை உறுதிப்படுத்தும் சட்டம். அங்கே சட்டம் போடுற உரிமை எங்களுக்குத்தான், உங்க பிரபுக்கள் சபைக்கு அப்பீல் கேட்கிற அதிகாரமும் கிடையாதுன்னுட்டாங்க. 1782-ல தான் அது ரத்தாச்சு.

அடுத்தது அமெரிக்கா. பத்திரிகை, கோர்ட்டுப் பத்திரம், சீட்டுக்கட்டுக்கெல்லாம் வரி போட்ட 1765-ம் வருஷ ஸ்டாம்ப் சட்டத்தை, குடியேற்றக்காரங்க எதிர்ப்புக்குப் பிறகு 1766 மார்ச் 18-ல ரத்து பண்ணாங்க. ஆனா அதே நாள்ல இன்னொரு சட்டத்துக்கும் அரசர் ஒப்புதல் கிடைச்சது. அயர்லாந்துக்குப் போட்ட அதே அச்சுதான்: தலைப்புல 'டிபென்டென்சி', உள்ளே எந்த விஷயத்திலும் உங்களைக் கட்டுப்படுத்துற அதிகாரம் எங்களுக்கு உண்டுங்கிற அறிவிப்பு. வரியை விட்டாங்க, கயிறை விடலை.

பத்து வருஷம் கழிச்சு 1776 ஜூலையில குடியேற்றங்கள் தங்களை 'இன்டிபென்டென்ட்' நாடுகள்னு அறிவிச்சுக்கிட்டாங்க. புது வார்த்தை ஒண்ணும் தேடலை. பழைய வார்த்தைக்கு முன்னாடி 'இல்லை'ங்கிற பொருள்ல ஒரு 'இன்', அவ்வளவுதான்!

மேன் தீவு, ஜெர்சி, குர்ன்சி மூணுக்கும் இன்னிக்கும் 'கிரவுன் டிபென்டென்சி'ன்னுதான் பேரு. சொந்த சட்டசபை இருக்கு, ஆனா பாதுகாப்புப் பொறுப்பு லண்டன் கையில.

யாரையும் சாராம வாழ முடியாதுதான். ஆனா சாய்ஞ்சிருக்கோமா, தொங்குறோமான்னு அப்பப்போ குனிஞ்சு காலைப் பார்த்துக்கறது நல்லது :-)