ஆச்சரியக்குறியின் பாதை: எடிட்டருக்குள்ளிருந்து ஷெல்லை அழைக்கும் வழக்கமும் தமிழ் உரையும்

ஆய்வுச் சுருக்கம்

உரைத்தொகுப்பியை, அதாவது எடிட்டரை, மூடாமலே ஷெல் கட்டளைகளை இயக்கும் வசதி 1970களின் தொடக்கத்தில் யூனிக்ஸில் ஓர் ஆச்சரியக்குறியாகப் பிறந்தது. பின்னர் அது வடிகட்டியாகவும், எடிட்டருக்குள்ளேயே ஓடும் ஷெல்லாகவும், இன்றைய டெர்மினல் பலகமாகவும் வளர்ந்தது. இக்கட்டுரை அந்த வளர்ச்சியை நிரல்படுத்துகிறது. தமிழ் உரைக்கு அதனால் விளைந்த பயனைக் களக்காட்டையும் நெல்லைச் சீமையையும் சேர்ந்த ஆறு ஊர்ப்பெயர்களை வைத்துச் சோதிக்கிறது. எடிட்டருக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை, தமிழ் தெரிந்த நிரலிடம் கேட்கத் தெரிந்தால் போதும் என்பது இதன் முடிபு.

1. முன்னுரை

வட்டார வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஊர்ப்பெயர் அட்டவணை தவிர்க்க முடியாத வேலை. மாவடி, சேரன்மகாதேவி, களக்காடு, மானூர், ஏர்வாடி, கள்ளிகுளம் என்ற ஆறு பெயர்களை வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் இட்டு, விம் எடிட்டரில் திறந்து, அகரவரிசைப்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கோலன், விழுக்காட்டுக் குறி, ஆச்சரியக்குறி ஆகிய மூன்றையும் தட்டி, பின்னால் ‘சார்ட்’ கட்டளையை எழுதி என்டர் விசையை அழுத்தினால் வரிகள் இடம் மாறி நிற்கும். வரிசைப்படுத்தியது விம் அல்ல. விம் ஆறு வரிகளையும் வெளியே இருக்கும் சார்ட் நிரலிடம் கொடுத்து, அது திருப்பித் தந்ததை அதே இடத்தில் வாங்கி வைத்துக்கொண்டது. இந்தக் கொடுக்கல் வாங்கல் எப்படி வந்தது என்பதே நம் கேள்வி.

2. தொலைதட்டச்சுக் காலம்

1960களில் பெர்க்லியில் பட்லர் லாம்ப்சனும் பீட்டர் டாய்ச்சும் கியூ-ஈடி என்ற எடிட்டரை உருவாக்கினார்கள். கென் தாம்சன் அதை எம்.ஐ.டி.யின் சி.டி.எஸ்.எஸ். அமைப்புக்காகத் திருப்பி எழுதியபோது சுருங்குறித்தொடர் (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) தேடலைச் சேர்த்தார். அதன் சுருக்கமான வழித்தோன்றல்தான் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸுக்காக அவர் எழுதிய ஈடி.

அன்றைய முனையம் திரை இல்லாத தொலைதட்டச்சுக் கருவி. மாடல் 33 வகைக் கருவி வினாடிக்குப் பத்து எழுத்துகளைத் தாளில் அடிக்கும். ஒரு முனையத்தில் ஒரு வேலைதான் நடக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கோப்பகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கோப்பைச் சேமித்து, எடிட்டரை விட்டு வெளியேறி, கட்டளையை இயக்கி, மறுபடி எடிட்டரைத் திறந்து, விட்ட வரியைத் தேட வேண்டும். ஒவ்வொரு படியும் தாளில் அடிபட்டுத்தான் முடியும்.

இந்த அலைச்சலுக்குத்தான் ஈடி ஒரு குறுக்குவழி வைத்தது. வரியின் தொடக்கத்தில் ஆச்சரியக்குறி இட்டால், மீதி வரி யூனிக்ஸுக்குக் கட்டளையாகப் போகும். வேலை முடிந்ததற்கு அடையாளமாக ஈடியும் ஓர் ஆச்சரியக்குறியை அடித்துக் காட்டும். நடப்பு வரி நகராது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கட்டளைகளைப் புரிந்து இயக்கும் ஷெல்லின் முழு இலக்கணமும் இங்கே செல்லாது என்று ஆரம்பக் கையேடு எச்சரித்தது.

ஆனால் இந்தக் கட்டத்தில் கட்டளைக்கும் உரைக்கும் தொடர்பே இல்லை. கட்டளை தன் விடையைத் தாளில் அடித்துவிட்டுப் போகும். எழுதிக்கொண்டிருக்கும் உரைக்குள் அது வராது. வாசலுக்குப் போய் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வரலாம், யாரையும் உள்ளே அழைத்து வர முடியாது என்ற நிலை.

3. வடிகட்டியின் வருகை

நிலைமையை மாற்றியது பைப். ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலின் உள்ளீடாக இணைக்கலாம் என்ற எண்ணத்தை டக் மெக்கில்ராய் 1964லேயே ஒரு குறிப்பில் எழுதியிருந்தார். 1973இல் தாம்சன் அதை யூனிக்ஸில் செயல்படுத்தினார். உரையை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் மாற்றித் தரும் நிரல்களுக்கு ‘வடிகட்டி’ என்ற பெயர் நிலைத்தது. வரிசைப்படுத்த ஒன்று, எண்ண ஒன்று, ஒரே வரி திரும்ப வந்தால் நீக்க ஒன்று எனச் சிறு நிரல்கள் பெருகின.

எடிட்டர்கள் இதைப் பற்றிக்கொண்டன. டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்த கியூ-ஈடி, கட்டளையின் விடையை உரைக்குள் வாங்கவும், உரையைக் கட்டளைக்கு அனுப்பவும், அனுப்பி மாற்றி வாங்கவும் தனித்தனிக் குறிகள் வைத்திருந்தது. அதில் பங்கேற்ற ராப் பைக் பின்னர் எழுதிய சாம் எடிட்டரிலும் இவை தொடர்ந்தன.

இந்த வசதி பரவலாகக் கைக்கு வந்தது பெர்க்லி வழியாக. லண்டன் குயின் மேரி கல்லூரியில் ஜார்ஜ் கூலூரிஸ், ஈடியைச் சாதாரண மனிதருக்கு ஏற்றதாக்கி எம் என்ற எடிட்டரைச் செய்திருந்தார். அதிலிருந்து தொடங்கி பில் ஜாய் எக்ஸ் எடிட்டரை எழுதினார். 1978இல் வெளியான முதல் பி.எஸ்.டி. தொகுப்பில் எக்ஸும், 1979இல் வெளியான இரண்டாவதில் அதன் திரைமுகமான வி.ஐ.யும் வந்தன. வி.ஐ.யில் ஆச்சரியக்குறி ஒரு வினைச்சொல் ஆனது. அதன் பின் வருவது எத்தனை வரி என்பதைச் சொல்லும்: ஒரு பத்தி, பத்து வரி, கோப்பின் முடிவு வரை. குறித்த பகுதி வெளியே போய், மாறி, அதே இடத்துக்குத் திரும்பும்.

1991இல் பிராம் மோலெனார் வெளியிட்ட விம் இந்த வழக்கத்தை அப்படியே காத்தது. அரை நூற்றாண்டுக்கு முன் தாளில் அடித்த அதே குறியைத்தான் இன்று மடிக்கணினியில் தட்டுகிறோம்.

4. ஈமேக்ஸ் தந்த மாற்றுவழி

எம்.ஐ.டி.யில் 1976இல் உருவான ஈமேக்ஸ் மரபு வேறு திசையில் போனது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட குனூ ஈமேக்ஸ், ஷெல்லை எடிட்டருக்குள்ளேயே குடிவைத்தது. மெட்டா விசையோடு ஆச்சரியக்குறி ஒரு கட்டளையை இயக்கும்; மெட்டாவோடு செங்குத்துக்கோடு, தேர்ந்த பகுதியைக் கட்டளைக்கு அனுப்பும். இவை வி.ஐ. செய்ததன் சாயல்தான். புதுமை என்னவென்றால், ஒரு முழு ஷெல்லே எடிட்டரின் ஒரு பக்கமாக ஓடும். அதன் விடைகளைத் தேடலாம், வெட்டலாம், ஒட்டலாம். கட்டளையும் உரையும் ஒரே தாளில் வந்துவிட்டன.

பைக்கின் ஆக்மி எடிட்டர் இதை எல்லைவரை கொண்டுபோனது. திரையில் எங்கே எழுதியிருந்தாலும், எந்தச் சொல்லையும் சுட்டியின் நடுப்பொத்தானால் அழுத்தினால் அது கட்டளையாக இயங்கும். விம்மும் 2018இல் 8.1 பதிப்பில் டெர்மினல் சாளரத்தை ஏற்றுக்கொண்டது. இன்று மாணவர்கள் பெரிதும் பயன்படுத்தும் வி.எஸ். கோடில் திரையின் கீழே திறக்கும் டெர்மினல் பலகம் இந்த மரபின் அண்மைக் கிளை.

5. தமிழ் உரை: ஆறு ஊர்களின் சோதனை

மேலே சொன்ன பழைய எடிட்டர்களின் தொடக்கத்தில் தமிழ் இல்லை. தமிழ் கணினிக்கு வந்தபோதும் ஒரே குறியாக்கமாக வரவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கியபோது மயிலை, இணைமதி எழுத்துருக்களும், பின்னர் டிஸ்கி குறியாக்கமும், அதன் பின் யூனிகோடும் பயன்பட்டன. 1999 சென்னை மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு டேம், டேப் என இரு தரங்களை அறிவித்தது. பழைய கோப்பு ஒன்றைத் திறந்தவருக்குக் கிடைத்தது குழப்பமே. டிஸ்கியில் உள்ள ‘தமிழ்’ என்ற சொல்லைத் தமிழறியாத எடிட்டர் முக்கால் பின்னக் குறி, தலையில் கோடிட்ட லத்தீன் எழுத்து, சென்ட் நாணயக் குறி, இன்னொரு கோடிட்ட எழுத்து எனக் காட்டும்.

இங்கேதான் வடிகட்டி கைகொடுத்தது. 2002இல் புரூனோ ஹைப்லே குனூ சி நூலகத்துக்கு டிஸ்கி மாற்றியை எழுதித் தந்தார். அதன் பின் லினக்ஸில் இருக்கும் ஐகான்வ் நிரலை ஆச்சரியக்குறிக்குப் பின்னால் எழுதினால், திறந்திருக்கும் டிஸ்கி உரை அங்கேயே யூனிகோடாகும்.

மாற்றம் எழுத்துக்கு எழுத்து நடப்பதல்ல. டிஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கிறது: ‘சே’ என்றால் முதலில் இரட்டைச்சுழி போட்ட கொம்பு, பிறகு ச. யூனிகோடு ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது: முதலில் ச, பிறகு கொம்பு. ஆகவே மாற்றி கொம்பைக் கண்டதும் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த மெய் வந்த பிறகே இரண்டையும் இடம் மாற்றி வெளியே விட வேண்டும். ‘சேரன்மகாதேவி’யில் இது இரண்டு முறை நடக்கும். நமக்கு ஏழு எழுத்தான அந்த ஊர் டிஸ்கியில் 11 பைட். யூனிகோடில் 12 குறியீடுகள், யூடிஎஃப்-8 வடிவில் 36 பைட்.

இனி ஆறு பெயர்களை வரிசைப்படுத்துவோம். கோப்பு டிஸ்கியில் இருக்க, பைட் மதிப்பின்படி சார்ட் செய்தால் சேரன்மகாதேவி எல்லாவற்றுக்கும் மேலே போய் நிற்கும், ஏர்வாடிக்கும் முன்னால். அதன் முதல் பைட் ச அல்ல, கொம்பு. கொம்பின் எண் உயிரெழுத்துகளின் எண்ணைவிடச் சிறியது.

யூனிகோடாக மாற்றி, குறியீட்டு எண் வரிசையில் சார்ட் செய்தால் கிடைப்பது: ஏர்வாடி, களக்காடு, கள்ளிகுளம், சேரன்மகாதேவி, மானூர், மாவடி. முந்தைய பிழை போயிற்று. ஆனால் அகராதி பார்த்துப் பழகிய கண் இரண்டு இடங்களில் இடறும். புள்ளி எழுத்து அகரமேறிய எழுத்துக்கு முன் வர வேண்டும், அதனால் கள்ளிகுளம் களக்காட்டுக்கு மேலே இருக்க வேண்டும். யூனிகோடு அட்டவணையில் புள்ளியின் எண் மெய்களின் எண்ணைவிடப் பெரியது என்பதால் அது கீழே போனது. ன தமிழ் நெடுங்கணக்கின் கடைசி மெய். அட்டவணையிலோ அது ந-வை அடுத்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் மாவடிக்குப் பின் வர வேண்டிய மானூர் முந்திக்கொண்டது.

தீர்வும் அதே வாசல் வழியாகத்தான். நெடுங்கணக்கின் வரிசையை அறிந்த ஒரு சிறு நிரலைப் பைத்தானில் எழுதி, சார்ட் இருந்த இடத்தில் அதன் பெயரைத் தட்டினால் போதும். தமிழ் எழுத்துகளைப் பிரித்து ஒப்பிடும் வேலையை ஓப்பன்-தமிழ் போன்ற கட்டற்ற நூலகங்கள் ஏற்கெனவே செய்து வைத்திருக்கின்றன. விம்மில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். அதைப் பராமரிப்பவர்களிடம் தமிழுக்காக மனுப் போடவும் வேண்டாம்.

6. நம்பிக்கையின் விலை

வெளியாளை நம்புவதில் ஆபத்தும் உண்டு. கட்டளையின் பெயரைத் தவறாகத் தட்டினால், விம் கொடுத்த வரிகள் போய், ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்ற ஷெல்லின் முறையீடு அவ்விடத்தில் வந்து உட்காரும். செயல்நீக்கு விசை இருப்பதால் இது சிறு விபத்து.

பெரிய விபத்து வேறு வகை. நிர்வாக உரிமையோடு ஒரே ஒரு கோப்பைத் திருத்த மட்டும் வி.ஐ.யைத் திறக்க ஒருவருக்கு அனுமதி கொடுத்தால், ஆச்சரியக்குறி வழியாக அவர் முழுக் கணினியையும் ஆளலாம். இதைத் தடுக்கவே ஷெல்லுக்குப் போக முடியாத கட்டுப்பட்ட விம்மும், கோப்பின் நகலை மட்டும் திருத்தத் தரும் சூடோஎடிட்டும் வந்தன. 2019இல் விம்மில் கண்டறியப்பட்ட ஒரு குறையில், கோப்புக்குள் எழுதியிருந்த அமைப்பு வரி ஒன்றே ஷெல் கட்டளையை இயக்கிவிடக்கூடியதாக இருந்தது. கோப்பைத் திறந்தாலே போதும். புதிய கோப்புறையைத் திறக்கும்போது ‘இதை எழுதியவரை நம்புகிறீர்களா?’ என்று வி.எஸ். கோடு கேட்பது இதே கவலையின் விளைவு.

7. முடிவுரை

தொலைதட்டச்சின் அலைச்சலைக் குறைக்கப் பிறந்த குறி, பைப் வந்ததும் வடிகட்டியாயிற்று. ஈமேக்ஸில் ஷெல்லே உள்ளே வந்து தங்கியது. ஒவ்வொரு கட்டத்திலும் எடிட்டர் எல்லாவற்றையும் தானே கற்றுக்கொள்ள முயலாமல், தெரிந்தவரிடம் கொடுத்து வாங்கியது. ஈடியை எழுதிய தாம்சனின் கணக்கில் புள்ளியும் இல்லை, கொம்பும் இல்லை. ஆனால் அவர் திறந்து வைத்த வாசல் வழியாகப் போய்வந்த பிறகு நம் பட்டியல் இப்படி நிற்கிறது: ஏர்வாடி, கள்ளிகுளம், களக்காடு, சேரன்மகாதேவி, மாவடி, மானூர்.