பாட்டே உரையாடலாக: தமிழ் இசை நாடகத்தின் இரு நூற்றாண்டுப் பயணம்

முத்தமிழ் என்று சொல்லும்போது இயல், இசை, நாடகம் ஆகிய மூன்றையும் நாம் தனித்தனியே எண்ணுகிறோம். பாடத்திட்டத்திலும் அவை தனித்தனி அலகுகளாகவே இடம்பெறுகின்றன. ஆனால், மேடையின் வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, அரங்கின் அமைப்பையும் மூவகை எழினியையும் கூறும் அதே இடத்தில், ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்கள் ஆகிய அனைவரையும் ஒருங்கே நிறுத்துகிறது. மேடையில் மூன்று தமிழும் ஒன்றாகவே வாழ்ந்தன.

அவ்வாழ்வின் அண்மைக்கால வடிவமே இசை நாடகம். அதனைப் ‘பாட்டு மிகுந்த பழைய நாடகம்’ என்று ஒதுக்கிவிடுவது எளிது. அந்நாடகத்தில் பாட்டு என்ன வேலை செய்தது என்னும் வினாவையே இவ்வுரையில் நாம் எழுப்புகிறோம்.

செவிவழி வந்த காப்பியம்

கம்பராமாயணம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. எழுத்தறிவு சிலருக்கே வாய்த்திருந்த காலத்தில் அக்கடல் பலருக்கும் எட்டாததாக இருந்தது. சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) இயற்றிய இராம நாடகக் கீர்த்தனை அந்நிலையை மாற்றியது. தருக்களாலும் விருத்தங்களாலும் அவர் கதையை நடத்தினார். ஒவ்வொரு பாத்திரமும் தன் கூற்றைத் தானே பாடுகிறது. கேட்பவர் ஏட்டைப் பாராமலே கதையைப் பின்தொடர்கிறார். பாட்டு அங்கே அணியன்று. கதையைச் சுமந்து செல்லும் வாகனம்.

அடுத்த நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றினார். சேக்கிழாரின் பெரியபுராணம் திருநாளைப்போவாரின் வரலாற்றைச் சுருக்கமாகவே கூறுகிறது. அதில் இல்லாத ஒரு பாத்திரத்தைப் பாரதியார் படைத்தார். அவரே நிலக்கிழாரான வேதியர். சிதம்பரம் செல்ல விடை வேண்டி அவர்முன் நிற்கும் பண்ணையாளாக நந்தனாரைக் காட்டினார். தோட்டப்புற வாழ்வை அறிந்த நமக்கு அக்காட்சி அந்நியமன்று. உழைப்பவன் ஒருவன் விடுப்புக் கேட்டு நிற்பதும், வேலையைக் காட்டி அது மறுக்கப்படுவதும் கீர்த்தனைகளின் வழியே பெருந்திரள் மக்களின் காதுக்கு எட்டின. முதலில் கதாகாலட்சேபமாக நிகழ்ந்த அப்படைப்பு, பின்னர் நாடகமாகவும் நடிக்கப்பட்டது.

இந்நூல் குறித்து உ. வே. சாமிநாதையர் பதிவு செய்துள்ள ஒரு நிகழ்ச்சி ஆசிரியர்கள் நினைவில் கொள்ளத்தக்கது. பாரதியார் தம் நூலுக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை நாடினார். நூலில் இலக்கண வழுக்கள் உள்ளன என்பதால் பிள்ளையவர்கள் இசையாது காலம் கடத்திவந்தார். ஒருநாள் திண்ணையில் அமர்ந்து பாரதியார் தம் கீர்த்தனைகளைப் பாடினார். உள்ளிருந்து கேட்ட பிள்ளையவர்களின் கண்கள் கலங்கின, பாயிரமும் கிடைத்தது. ஏட்டில் படித்தபோது குறையாகத் தோன்றியது, செவியில் விழுந்தபோது நிறைவாயிற்று. இசை நாடகப் பனுவலை மதிப்பிடும் முறையையே இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கிறது.

கடல் கடந்த திரைச்சீலை

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பம்பாயில் பார்சி சமூகத்தினர் நாடகக் கம்பெனிகளைத் தொடங்கினர். ஓவியம் தீட்டிய திரைச்சீலைகள், காட்சிக்குக் காட்சி மாறும் அரங்கம், ஆர்மோனியத்தின் ஒலி ஆகியவை அவற்றின் அடையாளங்கள். இந்தியாவின் பல நகரங்களுக்கும் சென்ற இக்கம்பெனிகளைக் கண்ட தமிழர், திறந்தவெளிக் கூத்திலிருந்து கொட்டகை நாடகத்துக்கு மாறத் தொடங்கினர்.

அதே அலை கப்பலேறி நம் கரைக்கும் வந்தது. பினாங்கில் பார்சி நாடகங்களைக் கண்ட மக்கள் அவற்றை ‘வாயாங் பார்சி’ என்றனர். 1885இல் பினாங்கைச் சேர்ந்த மாமாக் புஷி என்பவர் ‘புஷி இந்திரா பங்சாவான்’ என்னும் குழுவை அமைத்தார். மலாய் இசை நாடகமான பங்சாவான் இவ்வாறு உருப்பெற்றது. தமிழ் நாடகத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று வேடங்கள் வகுக்கப்பட்டது போலவே, பங்சாவானிலும் கதாநாயகன் ‘ஓராங் மூடா’ என்றும் கதாநாயகி ‘ஸ்ரீ பாங்கோங்’ என்றும் வழங்கப்பட்டனர். ‘இந்திர சபா’ என்னும் கதை இரு மொழி மேடைகளிலும் ஏறியது. ஆகவே, தமிழ் இசை நாடகமும் பங்சாவானும் ஒரே அலையால் வளம்பெற்ற இரு கரைகள் எனலாம்.

முன்பின் அறியாதோரை இணைத்த பனுவல்

கொட்டகை வந்தது, அதற்குரிய தமிழ்ப் பனுவல்கள் போதிய அளவில் இல்லை. அக்குறையைப் போக்கியவர் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அபிமன்யு சுந்தரி முதலிய பல நாடகங்களை அவர் எழுதினார். இவற்றுள் அபிமன்யு சுந்தரியை அவர் ஒரே இரவில் எழுதி முடித்ததாக, அவரிடம் பயின்ற டி. கே. சண்முகம் தம் நினைவுகளில் கூறுகிறார். 1918இல் மதுரையில் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலேயே டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்து பயின்றனர். பாட்டும் வசனமும் மனனமாகும்வரை பயிற்சி நிகழ்ந்த இச்சபைகள், ஏழைச் சிறுவர் பலருக்குத் தமிழ்ப் பள்ளிகளாகவும் விளங்கின.

‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும் முறையில் சுவாமிகளின் பணி இன்னும் தெளிவாகப் புலப்படும். இதில் நிலையான குழு கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியக்காரர் மற்றோர் ஊரிலிருந்தும் தனித்தனியே ஒப்பந்தமாகி, நாடகத்தன்று இரவு ஒன்றுகூடுவர். ஒத்திகை இல்லை. ஆயினும் விடியும்வரை நாடகம் நடக்கும். எப்படி? சுவாமிகளின் பாடல்கள் அனைவர் நெஞ்சிலும் இருந்தன. முருகன் ஒரு பாட்டில் வினவினால் வள்ளி எந்தப் பாட்டில் விடையிறுப்பாள் என்பது இருவருக்கும் தெரியும். இடையே வரும் தர்க்கத்தில் அவரவர் கல்வியும் சொல்வன்மையும் வெளிப்படும். பாட்டு நாடகத்தின் எலும்புக்கூடாக நின்றது. தசையை நடிகர் அவ்விரவிலேயே சேர்த்தனர். மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோயில் திருவிழாக்களை ஒட்டி இம்முறை இன்றும் தொடர்கிறது.

வெள்ளைக் கொக்கும் விடுதலையும்

எல்லாருக்கும் தெரிந்த கதைக்குள் புதிய பொருளைப் பொதிய முடியும் என்பதைத் தேசிய இயக்கக் காலம் காட்டியது. நாடகங்களைக் கட்டுப்படுத்த ஆங்கில அரசு 1876இலேயே சட்டம் இயற்றியிருந்தது. வள்ளி திருமணத்திலோ தினைப்புனம் காத்துப் பறவை விரட்டும் காட்சி உண்டு. மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய பாடல்களைப் பாடிய எஸ். எஸ். விசுவநாததாஸ், அப்பறவைகளை வெள்ளைக் கொக்குகளாக்கினார். கொக்கு எது என்று அவை அறிந்தது. காவல் துறையும் அறிந்தது. அவர் பலமுறை சிறை சென்றார். 1940ஆம் ஆண்டின் இறுதி நாளில், சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் நீத்தார்.

வெற்றியும் தளர்ச்சியும்

பாட்டின் ஆற்றலே நாடகத்துக்கு இடராகவும் மாறியது. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் பெரிய கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டிய எஸ். ஜி. கிட்டப்பாவின் (1906–1933) குரலுக்கும், அவருக்கு இணையாகப் பாடிய கே. பி. சுந்தராம்பாளின் குரலுக்கும் மக்கள் மயங்கினர். ‘ஒன்ஸ்மோர்’ என்னும் கூச்சல் எழுந்தால் சோகக் காட்சியும் நின்று, பாட்டு மீண்டும் தொடங்கும். கதைக்காகப் பாட்டு என்ற நிலை மாறி, பாட்டுக்காகக் கதை என்றாயிற்று. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், உரைநடை வசனத்துக்கு முதன்மை தந்தது இப்போக்குக்கு ஒரு மாற்றாக அமைந்தது.

1931இல் பேசும்படம் வந்தது. முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸின் நாயகி டி. பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். 1934இல் எம். கே. தியாகராஜ பாகவதர் அறிமுகமான பவளக்கொடியும் மேடையில் வெற்றி கண்ட நாடகமே. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனாரை 1935இல் சுந்தராம்பாள் திரையில் ஏற்று நடித்தார். மலாயாவிலும் இதுவே நிகழ்ந்தது: 1930களின் முற்பகுதியில் சிங்கப்பூரில் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் இயக்கிய லைலா மஜ்னுவில் பங்சாவான் கலைஞர்கள் நடித்தனர். கதை, நடிகர், பாட்டு அனைத்தையும் திரைப்படம் எடுத்துக்கொண்டது. கொட்டகை மெல்ல வெறுமையடைந்தது.

நம் கையில் எஞ்சியிருப்பது

இசை நாடக நூல்கள் பல இன்றும் கிடைக்கின்றன. அவற்றைப் புரட்டினால், பாடலின் தலைப்பில் சுரக்குறிப்பு இராது. அன்று எல்லாரும் அறிந்திருந்த வேறொரு பாட்டைச் சுட்டி, அதன் ‘வர்ணமெட்டு’ என்று மட்டுமே இருக்கும். அன்றைய வாசகருக்கு அது போதும். சுட்டப்பட்ட பாட்டை இன்று நாம் மறந்துவிட்டால், இரண்டு பாடல்களும் ஒருசேர ஊமையாகின்றன. சொல் அச்சில் இருக்கிறது. மெட்டோ மூத்தோரின் தொண்டையில் இருக்கிறது. முதலது நூலகத்தில் காத்திருக்கும், இரண்டாவது காத்திராது.

ஆகவே, ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நாம் வேண்டுவது பெரிய செயலன்று. வள்ளி திருமணத்தின் தர்க்கப் பகுதியை இரு மாணவர் வகுப்பில் வாய்விட்டுப் பேசட்டும்; பாடட்டும். தம் வீட்டில், கோயிலில், அக்கம்பக்கத்தில் பழைய நாடகப் பாட்டு அறிந்த முதியவர் எவரேனும் இருப்பின், அவர் பாடுவதைக் கைப்பேசியில் பதிந்து, எந்த நாடகம், எந்தக் காட்சி, யார் கூற்று என்று குறித்து வைக்கட்டும். பிள்ளையவர்களின் கருத்தை மாற்றியது திண்ணையில் எழுந்த குரல். அக்குரலை மாணவரும் கேட்ட பின்னரே, இசை நாடகத்தை நாம் முழுமையாகக் கற்பித்தவராவோம்.