மலைத்தோட்டத்து உலைக்களமும் மலிவான எஃகும்: கேமரன் மலையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

'கொல்லன் தெருவில் ஊசி விற்பதா?' என்பது தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கி வரும் பழமொழியாகும். நடவாத ஒன்றைச் சுட்டிக் காட்டவே இது கூறப்படுகின்றது. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த நடவாத செயல் நடந்தேறியது. கப்பலில் வந்திறங்கிய ஆங்கில இரும்பும் எஃகும் தமிழகத்துக் கொல்லர் தெருக்களிலேயே விலைபோயின. உலகிற்கு எஃகு கொடுத்த ஒரு சமுதாயம் எஃகை விலைகொடுத்து வாங்கும் நிலைக்கு வந்தது எவ்வாறு? அச்சமுதாயத்தினர் கடல் கடந்து மலாயாவின் தோட்டங்களுக்கு வந்தபோது அவர்தம் கருவிகளுக்குரிய எஃகு எங்கிருந்து கிடைத்தது? இவ்விரு வினாக்களையும் பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கொல்லுத் தொழிலின் போக்கைத் தீர்மானித்தது கைத்திறன் மட்டுமன்று. எளிய விலையில் எஃகு கிட்டுவதும் அதனைத் தீர்மானித்தது என்பதே இங்கு நிறுவப்பெறும் கருத்தாகும்.

மூசையில் பிறந்த எஃகு

'எஃகு' என்னும் சொல் சங்க இலக்கியத்திலேயே வேல் முதலிய படைக்கலங்களைக் குறித்து ஆளப்பட்டுள்ளது. இச்சொல்லாட்சிக்குத் துணைநிற்கும் தொல்லியல் சான்றுகள் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் கிடைத்துள்ளன. 1985ஆம் ஆண்டு முதல் பல கட்டங்களாக நிகழ்ந்த அகழாய்வுகளில் இரும்புருக்கும் உலைகளின் எச்சங்களும் மூசைகளும் அங்கு வெளிப்பட்டன. இரும்பையும் கரிமப் பொருளையும் களிமண் மூசையில் இட்டு மூடி, கடும் வெப்பத்தில் நெடுநேரம் வைத்து எஃகாக்கும் முறை தென்னிந்தியாவின் பெருமைகளுள் ஒன்று எனலாம். இவ்வெஃகை ஐரோப்பியர் 'ஊட்சு' என வழங்கினர். இப்பெயர் கன்னடத்து 'உக்கு' என்னும் சொல்லிலிருந்தோ தமிழின் 'உருக்கு' என்னும் சொல்லிலிருந்தோ தோன்றியிருக்கலாம் என்பர் அறிஞர். 1795இல் ஜார்ஜ் பியர்சன் இதனைப் பற்றி இலண்டன் அரச கழகத்தில் ஆய்வுரை வழங்கினார். மைக்கேல் பாரடே 1819ஆம் ஆண்டு தொட்டு இதன் இயல்பைக் கண்டறிய முயன்றார்.

மூசை எஃகில் கரிமத்தின் அளவு பொதுவாக நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு வரை இருந்தது. வாளுக்கு அது சிறந்த பொருள். ஆனால், அது சிறு சிறு கட்டிகளாகவே கிடைத்தது. ஒவ்வொரு கட்டிக்கும் பெருமளவு மரக்கரியும் நீண்ட உழைப்பும் தேவைப்பட்டன. ஆகவே, ஊர்க்கொல்லன் அரிவாளும் கொழுவும் செய்தபோது முழுவதும் எஃகால் செய்யாமல், தேனிரும்பை உடலாகவும் எஃகைக் கூர்முனையாகவும் வைத்து இணைத்தடிக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளிலும் நிலவியது. விலையுயர்ந்த பொருளைத் தேவையான இடத்தில் மட்டும் பயன்படுத்தும் சிக்கனம் கொல்லுத் தொழிலின் தொடக்கத்திலேயே இருந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

விலையால் வீழ்ந்த உலைகள்

இங்கிலாந்தில் 1740களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் மூசையில் எஃகு உருக்கும் முறையைக் கண்டார். 1856இல் ஹென்றி பெஸ்ஸமர் தம் முறையை வெளியிட்ட பின்னர் எஃகு டன் கணக்கில் வார்க்கப்பட்டது. அதன் விலையும் பெரிதும் சரிந்தது. தமிழகத்து மூசை உலை அவ்விலையோடு போட்டியிட இயலவில்லை.

இவ்விடத்தில் ஜோசையா மார்ஷல் ஹீத்தின் வரலாறு பொருளுடையதாகும். கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியிலிருந்த இவர், சேலம் பகுதியின் வளமான இரும்புத் தாதுவை நம்பி, 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை ஒன்றை நிறுவினார். தாது சிறந்தது, தொழிலாளரும் திறனுடையோர். எனினும், மரக்கரியைத் தொலைவிலிருந்து கொணரும் செலவும் முதலீட்டுக் குறையும் ஆலையை வாட்டின. பல கைகள் மாறிய அம்முயற்சி 1860களில் முற்றுப்பெற்றது. இங்கிலாந்து திரும்பிய ஹீத், எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். அதன் பயனைப் பிறர் துய்க்க, அவர் 1851இல் வறுமையில் மறைந்தார்.

சிற்றூர் உலைகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தால் காடுகள் காப்புக்காடுகளாயின. கரி சுடுவதற்கு மரம் எளிதில் கிடைக்கவில்லை. ஒருபுறம் கரியின் விலை ஏறியது. மறுபுறம் இறக்குமதி இரும்பின் விலை இறங்கியது. இவ்விரண்டிற்கும் இடையே உருக்குவோரின் தொழில் நசிந்தது. எனினும், அடிப்போரின் தொழில் நிலைத்தது. எஃகை உண்டாக்கியவன் மறைந்தான். கிடைத்த எஃகைத் தேர்ந்தெடுப்பவன் எஞ்சினான். தமிழ்க் கொல்லனின் வரலாற்றில் இது மிகப் பெரிய திருப்பமாகும்.

மலையேறிய இரும்பு

இத்திருப்பத்திற்குப் பின்னரே தமிழர் மலாயாவின் தோட்டங்களுக்குப் பெருந்தொகையினராக வந்தனர். ஒப்பந்தக்கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறையில் ஆள்சேர்ப்பு தொடர்ந்தது. உதவியுடன் கூடிய கூலிக் குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடைசெய்தது. கேமரன் மலைத் தோட்டங்கள் இவ்வரலாற்றின் இறுதிக் கட்டத்தில் உருவானவை. நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் இம்மலைப்பகுதிக்கு வந்தார். ஆயினும், தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை 1930களின் தொடக்கத்தில்தான் நிறைவுற்றது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் தோன்றியது.

தேயிலைத் தோட்டம் என்றதும் கொழுந்து கிள்ளும் விரல்களே நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால், காட்டை வெட்டித் திருத்தியதும், சரிவில் குழியெடுத்ததும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கவாத்து செய்ததும் இரும்புக் கருவிகளே. கவாத்துக் கத்தியின் தேவை தனித்தன்மை வாய்ந்தது. தேயிலைச் செடியின் முதிர்ந்த கிளை கடினமானது. வெட்டு ஒரே வீச்சில் சீராக விழ வேண்டும். கிளை பிளந்தால் அப்புண்ணின் வழியே நோய் புகும். ஆகவே, கத்தி கூர்மையை நீண்டநேரம் தாங்க வேண்டும். முடிச்சில் பட்டால் வாய் உடைந்து விடவும் கூடாது. மெல்லிரும்புக் கத்தி விரைவில் மழுங்கும்; மிகு கரிம எஃகோ சிதறும். இவ்வேலைக்கு நூற்றுக்கு அரைப் பங்கு முதல் முக்கால் பங்கு வரை கரிமமுள்ள எஃகே பொருந்தும். புகழ்பெற்ற மூசை எஃகைவிடக் கரிமம் குறைந்த எஃகே தோட்டக் கருவிக்கு ஏற்றது என்பது இங்குக் கருதத்தக்கது.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவிற்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்த மலைப்பாதை. தோட்டத்தின் ஒவ்வோர் இரும்புத் துண்டும் இவ்வழியே மேலே ஏற்றப்பட்டது. இத்தகைய இடத்தில் பழுதான இரும்பு குப்பையன்று, கையிருப்பாகும். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் மேலைநாட்டு இறக்குமதி நின்றுபோனபோது, மலாயா முழுவதும் பழைய பொருளைப் புதுக்கிப் பயன்படுத்தும் கட்டாயம் ஏற்பட்டது. புதிய எஃகு வராத காலத்தில் பழைய எஃகை அறிந்தவனின் மதிப்பு உயர்வது இயல்பே.

வில் தகடு: ஏழைக் கொல்லனின் மூசை

மோட்டார் வாகனத்தின் வரவு கொல்லர்க்கு எதிர்பாராத ஒரு கொடையாக அமைந்தது. வாகனத்தின் பாரத்தைத் தாங்கும் வில் தகடுகள் ஓயாமல் வளைந்து நிமிர வேண்டியவை. ஆதலின், அவை தரமான எஃகால் ஆனவை. பிரித்தானிய வில் தகடுகளில் சிலிக்கனும் மாங்கனீசும் கலந்த எஃகு பெரிதும் பயன்பட்டது. பிற நாட்டுத் தகடுகளில் குரோமியம் கலந்த வகையும் உண்டு. இரண்டிலும் கரிமம் ஏறத்தாழ நூற்றுக்கு 0.5 முதல் 0.65 பங்கு வரை இருக்கும். கவாத்துக் கத்திக்கும் பாராங்கிற்கும் நாம் மேலே கண்ட தேவையும் இதுவே. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாள் லாரிப் பட்டையில் அடிக்கப்படுவதும், மலாய்க் கொல்லர் பாராங்கிற்கு வாகனத்தின் வில் தகட்டை நாடுவதும் தற்செயலான ஒற்றுமையல்ல. வங்கக் கடலின் இரு கரைகளிலும் கொல்லர் ஒரே விடையைக் கண்டனர்.

கேமரன் மலையில் இவ்விடைக்குத் தனியொரு வாய்ப்பும் உண்டு. 1948இல் அறிமுகமான லேண்ட் ரோவர் வண்டி இம்மலையின் தோட்டங்களிலும் காய்கறிப் பண்ணைகளிலும் பெருவழக்குப் பெற்றது. பல பத்தாண்டுகள் கடந்தும் அப்பழைய வண்டிகள் இங்கு ஓடுவதைக் காண்போர் வியப்பர். 1980களின் நடுப்பகுதி வரை வெளிவந்த பழைய வரிசை வண்டிகள் வில் தகடுகளின் மீதே அமைந்தவை. அவற்றின் உடல் அலுமினியம். கொல்லனுக்கு அது உதவாது. ஆனால், அடியிலுள்ள தகட்டடுக்கோ அவனுக்குப் பெருஞ்செல்வம். இன்று பொழுதுபோக்காக உலை மூட்ட விரும்புவோர் முதலில் வினவுவது, 'குறைந்த விலையில் நல்ல எஃகு எங்கே கிடைக்கும்?' என்பதாகும். இம்மலையைப் பொறுத்தவரை அதற்குரிய விடை வாகனப் பட்டறையின் பின்புறத்திலும் பழைய இரும்புக் கடையிலும் கிடக்கின்றது.

பழைய இரும்பை அறிதல்

பழைய இரும்பு தன் பெயரைச் சொல்வதில்லை. அதனை அறிவதே கொல்லனின் கல்வி. கட்டுமானக் கம்பியும் கோண இரும்பும் பெரும்பாலும் மெல்லிரும்பு. அவை கைப்பிடி வளையத்திற்கும் கொக்கிக்கும் ஆகும், வெட்டும் வாய்க்கு ஆகா. தேய்ந்த அரத்தில் கரிமம் நூற்றுக்கு ஒரு பங்கை ஒட்டி இருக்கும்; சிறு கத்திக்கும் உளிக்கும் ஏற்றது. ஆயின், மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்ட மலிவான அரங்களும் உண்டு. தண்டவாளத் துண்டு கத்தியாவதைவிட அடைகல்லாவதே சிறப்பு.

சாணைக் கல்லில் தீட்டினால் மெல்லிரும்பு நீண்ட, கிளையற்ற பொறிகளைத் தரும். கரிமம் மிக மிகப் பொறிகள் கிளைத்துப் பூப்போல் வெடிக்கும். இதனினும் உறுதியான சோதனை ஒன்றுண்டு. சிறு துண்டு ஒன்றைக் காந்தம் ஒட்டாத அளவிற்குச் சிவக்கக் காய்ச்சி, உடனே நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தல் வேண்டும். ஆறிய பின் அதன்மீது அரம் பற்றாமல் வழுக்கினால் அது கடினமாகும் எஃகு. அரம் கடித்தால் மெல்லிரும்பு. பின்னர் அத்துண்டை உடைத்து உள்மணியைப் பார்த்தால், காய்ச்சிய பதம் மிகையா, சரியா என்பதும் விளங்கும். கடினமாக்கிய கத்தியை மெல்லச் சூடேற்றி, மேற்பரப்பில் வைக்கோல் நிறம் படரும்போது நிறுத்துவது தோய்ச்சலின் நுட்பம்.

மலிவு சில இடர்களையும் உடன் கொணர்கின்றது. நெடுங்காலம் உழைத்த வில் தகட்டில், சிறப்பாக நடுத்துளையை ஒட்டி, கண்ணுக்குப் புலனாகாத வெடிப்புகள் இருக்கலாம். அப்பகுதியை நீக்கிவிடல் நலம். துத்தநாகம் பூசிய இரும்பை உலையில் இடுதல் ஒருபோதும் தகாது; அதன் புகை உடலுக்குத் தீங்கு பயக்கும். கேமரன் மலையின் ஈரக்காற்றில் எல்லா இரும்பும் துருவேறியே கிடைக்கும். மேல்துரு உலையில் உதிர்ந்து விடும். ஆழ்ந்த துருக்குழியுள்ள துண்டையே தள்ள வேண்டும். எரிபொருளுக்கும் மலேசியாவில் குறைவில்லை. பேராக் மாநிலத்துக் கோலா செபெத்தாங்கில் அலையாத்தி மரத்தால் சுடப்படும் கரி பெயர்பெற்றது. அன்று தமிழகத்து உலையை அணைத்தது கரியின் விலை என்பதை நினைவுகூர்ந்தால், கரி எளிதில் கிடைப்பதன் அருமை புலனாகும்.

முடிவுரை

இன்று கேமரன் மலையில் கொழுந்து பெரிதும் கத்தரியாலும் பொறியாலும் கொய்யப்படுகின்றது. தோட்ட வேலையில் அயல்நாட்டுத் தொழிலாளரே மிகுந்துள்ளனர். தோட்டத் தமிழரின் பிள்ளைகள் பலர் நகர்களுக்குப் பெயர்ந்து விட்டனர். கடையில் மலிவாகக் கிடைக்கும் ஆயத்தக் கத்தி, அடித்துச் செய்யும் கத்தியின் இடத்தைப் பிடித்துக் கொண்டது. மூசை உலையை வீழ்த்திய அதே விலைதான் இன்று அடைகல்லையும் ஓய்வுபெறச் செய்துள்ளது.

தோட்டங்களைப் பற்றிய நம் வரலாறுகள் முதலாளியையும் ஏக்கரையும் கூலியையும் விரிவாகப் பேசுகின்றன. கைக்கருவியைப் பற்றியோ மிகச் சுருக்கமாகவே கூறுகின்றன. கொடுமணலின் மூசை மண்ணுக்கடியில் கிடந்தும் ஈராயிரம் ஆண்டுகள் கழித்துச் சான்றாயிற்று. ஏனெனில், சுட்ட மண் அழிவதில்லை. பொறியின் பூவைக் கண்டு எஃகின் பெயர் சொல்லும் கண்ணும், அரத்தின் வழுக்கலை உணரும் கையும் அத்தகையன அல்ல, உடையவரோடு மறைந்துவிடும். ஆகவே, தோட்டத்து முதியோரிடம் எஞ்சியுள்ள கருவிகளையும் அவற்றின் பெயர்களையும் அவை எவ்விரும்பில் அடிக்கப்பட்டன என்பதையும் கேட்டுப் பதிவு செய்வது இந்தியவியல் மாணவர்தம் களப்பணிக்கு உரிய தலைப்பாகும். பழைய வில் தகடு ஒன்றைத் தேடி இரும்புக் கடைக்குச் செல்லும் இளைஞனும் தான் அறியாமலே அவ்வறிவின் வாரிசாகின்றான். அவனுக்கு எஃகு மலிவாகவே கிடைக்கும். அதனை அறியும் முறையைச் சொல்லித்தரும் முதியவர் இருக்கும்போதே அவன் அவரைச் சென்று காணுதல் வேண்டும்.