யாரை எந்தக் கட்டத்தில் எழுதுகிறார்கள்? சென்னை ஆய்வு மையம் ஒன்றும் மக்கள்தொகை அச்சமும்

2025 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பேசிய பிரதமர், ஊடுருவல்காரர்களால் நாட்டின் மக்கள்தொகை அமைப்பு மாற்றப்படுகிறது என்று கூறி, உயர் அதிகார மக்கள்தொகை இயக்கம் ஒன்றை அறிவித்தார். இந்தப் பேச்சு புதியதன்று. ‘இந்துக்கள் அழிந்துவரும் இனம்’ என்று வங்கத்தில் யு.என். முகர்ஜி எழுதியது 1909இல். அந்த அச்சத்துக்கு அட்டவணைகளும் வரைபடங்களும் கொண்ட ஆய்வுநூல் வடிவம் கொடுத்த நிறுவனங்களுள் முக்கியமானது நம் சென்னையில்தான் இருக்கிறது.

1990இல் தொடங்கப்பட்ட ‘சென்டர் ஃபார் பாலிசி ஸ்டடீஸ்’ என்னும் கொள்கை ஆய்வு மையம், 2003இல் ‘ரிலிஜியஸ் டெமோகிராஃபி ஆஃப் இந்தியா’ என்ற பெருநூலை வெளியிட்டது. ஆசிரியர்கள் ஏ.பி. ஜோஷி, எம்.டி. சீனிவாஸ், ஜே.கே. பஜாஜ். முன்னுரை எழுதியவர் அன்றைய துணைப் பிரதமர் எல்.கே. அத்வானி. அரசுப் பொறுப்பில் இருந்தவரின் முன்னுரை ஒரு தனியார் மையத்தின் நூலுக்கு என்ன மதிப்பைத் தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நூலின் எண்கள் இட்டுக்கட்டப்பட்டவை அல்ல. 1881 முதலான கணக்கெடுப்பு அறிக்கைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. சிக்கல் வகைப்பாட்டில் உள்ளது. இந்து, சீக்கியர், சமணர், பௌத்தர் உள்ளிட்டோர் ‘இந்தியச் சமயத்தார்’. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ‘பிற சமயத்தார்’. அடுத்து, இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் மூன்றும் ஒரே நிலப்பரப்பாகக் கூட்டப்படுகின்றன. அந்தக் கூட்டலில் 110 ஆண்டுகளில் இந்தியச் சமயத்தாரின் பங்கு சுமார் 11 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்ததாகக் காட்டி, அதே கோட்டை முன்னோக்கி நீட்டி, 2061 அளவில் அவர்கள் பாதிக்கும் கீழே போவார்கள் என்று முடிவுகட்டப்படுகிறது. எல்லையை அழித்தால்தான் இந்த முடிவு கிடைக்கும். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இந்துக்கள் 79.8 விழுக்காடு, முஸ்லிம்கள் 14.2 விழுக்காடு. கோட்டை நீட்டிய முறையும் நிற்கவில்லை. 1992-93இல் 4.4 ஆக இருந்த முஸ்லிம் பெண்களின் குழந்தைப்பேறு விகிதம் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 2.4க்கு இறங்கிவிட்டது. மற்ற எந்தச் சமூகத்தையும்விட இந்த இறக்கம் கூர்மையானது.

எந்த அலகை, எந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கும் என்பதற்கு அமெரிக்காவின் 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் பழைய சான்று. 1921 சட்டம் 1910 கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டிருந்தது; 1924இல் அதை 1890க்குப் பின்னுக்குத் தள்ளினார்கள். இத்தாலியரும் கிழக்கு ஐரோப்பிய யூதரும் பெருமளவில் வருவதற்கு முந்தைய கணக்கு அது. சட்டத்தில் இனத்தின் பெயரை எழுதாமலே அவர்களின் வருகை வெட்டப்பட்டது; ஆசியர்களுக்கோ கதவே மூடப்பட்டது. மேடிசன் கிராண்ட் போன்ற இனவாத எழுத்தாளர்கள் இதற்கான ‘அறிவியலை’ வழங்கினார்கள்.

2024 மே மாதம், மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது, பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு வெளியிட்ட ஆய்வுத்தாளும் இதே வழியில் செய்தியானது. 1950 முதல் 2015 வரை இந்துக்களின் பங்கு 7.82 விழுக்காடு குறைந்தது, முஸ்லிம்களின் பங்கு 43.15 விழுக்காடு உயர்ந்தது என்று தலைப்புகள் வந்தன. முஸ்லிம்களின் பங்கு 9.84இலிருந்து 14.09 ஆனது, அதாவது 65 ஆண்டுகளில் கூடியது நான்கேகால் புள்ளி. சிறிய எண்ணின் மீது கணக்கிட்டால் எந்த உயர்வும் பெரிதாகவே தெரியும்.

தலித் இயக்கங்கள் இதை முஸ்லிம்களின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த அட்டவணையில் ‘இந்தியச் சமயத்தார்’ என்ற கட்டத்தைப் பெரிதாக்குபவர்களில் நாமும் இருக்கிறோம். கோயில் நுழைவிலும் சுடுகாட்டுப் பாதையிலும் தள்ளிவைக்கப்படுபவர் கூட்டல் கணக்கில் மட்டும் உள்ளே வருகிறார். 1956இல் அம்பேத்கருடன் பௌத்தம் தழுவியவர் அதே கட்டத்தில் நீடிக்கிறார். 1981இல் மீனாட்சிபுரத்தில் இஸ்லாத்தைத் தழுவியவர் ‘பிறர்’ ஆகிவிடுகிறார். ஊரும் மாறவில்லை, சேரியும் மாறவில்லை. 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணையின் 3ஆம் பத்தி வரையும் கோடும் ஏறக்குறைய இதுவே: இந்து, 1956 முதல் சீக்கியர், 1990 முதல் பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியினர். தமிழகத்தின் 2002ஆம் ஆண்டுக் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பட்டியல் சாதியினரையும் பெண்களையும் சிறாரையும் மதம் மாற்றினால் கூடுதல் தண்டனை என்றது. நம்மைச் சுயமாக முடிவெடுக்கத் தெரியாதவர்களாகவே அது கருதியது. மக்கள் எதிர்ப்புக்குப் பின் அச்சட்டம் நீக்கப்பட்டது.

நாங்கள் எழுதுவது மீமிசலிலிருந்து. பாக் நீரிணைக் கரையிலுள்ள இந்தப் பகுதியினர் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போகிறார்கள். அங்கே அவர்கள்தான் ‘வந்தேறிகள்’. எதிர்க்கரையிலிருந்து போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர், பெரும்பாலும் இந்துக்களாக இருந்தும், 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இல்லை. 1964 ஒப்பந்தத்தால் அலைக்கழிக்கப்பட்ட மலையகத் தமிழரும் முகாம்களில் உள்ளனர். தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட அவர்களின் முன்னோரில் தலித்துகள் ஏராளம். அச்சட்டத்தின்படி பாகிஸ்தானிலிருந்து வந்த கிறிஸ்தவர் குடியுரிமை பெறலாம். இங்கேயே பிறந்த தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது.

மதம் மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி அளிப்பதை ஆராய 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது. 2027 கணக்கெடுப்பில் சாதியும் பதியப்பட உள்ளது. கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வரும்போது, தலித் கிறிஸ்தவரும் தலித் முஸ்லிமும் சொல்லும் சாதிப்பெயர் எந்தப் பிரிவின்கீழ் எழுதப்படுகிறது என்பதை ஒவ்வொரு ஊரிலும் உடனிருந்து பார்க்கவும் குறித்துவைக்கவும் மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.