கல்பாக்கத்து ஈனுலையும் பிரெஞ்சு நாட்டு நட்பும்

நம் புதுவைக்கும் பிரெஞ்சு நாட்டிற்கும் உள்ள உறவைப் பேசுவோர் பெரும்பாலும் பழங்கதையையே பேசுவர். கவர்னர்களும் கப்பல்களும் சைகோன் சென்று பொருளீட்டிய நம் முன்னோரும் அப்பேச்சில் இடம்பெறுவர். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படி முழுமையுற்றதோடு கதை முடிந்ததென எண்ணுவோரும் உளர். ஆயின் அடுத்த ஏழே ஆண்டுகளில், நமக்கு வடக்கே நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலுள்ள கல்பாக்கத்தின் பொருட்டு, அந்நாட்டோடு வேறோர் உறவு அரும்பிற்று. அது ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையிலான உறவன்று. அறிவு நாடிய இரு நாடுகளின் உறவு.

இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுறும் பகுதி ஏறத்தாழ 0.7 விழுக்காடே. எஞ்சிய பெரும்பகுதி சாதாரண அணு உலைகளில் பயன்படாமலே தங்கிவிடுகிறது. ஈனுலையோ அதனைப் புளூட்டோனியமாக மாற்றி, தான் எரிப்பதினும் மிகுதியான எரிபொருளை ஈன வல்லது. யுரேனியம் குறைந்தும் தோரியம் மிகுந்தும் உள்ள நம் நாட்டிற்கு இது எத்துணை இன்றியமையாதது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

தென் பிரான்சிலுள்ள கடராஷ் என்னுமிடத்தில் 'ராப்சோடி' என்ற சோதனை ஈனுலை 1967இல் இயங்கத் தொடங்கியது. 1969இல் இரு நாட்டு அணுசக்தித் துறைகளும் உடன்பாடு கண்டன. ஏறத்தாழ 30 இந்தியப் பொறியாளரும் அறிவியலாளரும் கடராஷ் சென்று பயின்றனர். நீர் பட்டால் பற்றிக்கொள்ளும் சோடியத்தை உருக்கி, வெப்பத்தைச் சுமந்து செல்ல அதனைப் பழக்கும் அரிய கலையை அங்கே கற்றனர். ராப்சோடியில் மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு கிடையாது. நம்மவர் கல்பாக்கத்து உலையில் நீராவிக் கலன்களையும் சுழலியையும் சேர்த்தனர்.

1974 மே 18 அன்று பொக்ரானில் அணுவெடிச் சோதனை நிகழ்ந்தது. அதன் பின்னர், செறிவூட்டிய யுரேனியம் தரப் பிரான்சு முன்வரவில்லை. அமைதிப் பணிக்கென்று தரும் பொருள் ஆயுதமாகிவிடுமோ என்று உலகம் அஞ்சியதை நாம் முற்றிலும் குறை கூறவும் இயலாது. எனினும், எழுப்பிய உலை எரிபொருளின்றி நிற்கும் நிலை வந்தது. அப்போது டிராம்பேயில் நம் அறிவியலாளர், புளூட்டோனியம் கார்பைடு 70 விழுக்காடும் யுரேனியம் கார்பைடு 30 விழுக்காடும் கலந்த புதியதோர் எரிபொருளை ஆக்கினர். முன்மாதிரி காண்பதற்கும் அரிதான முயற்சி அது.

1985 அக்டோபர் 18 அன்று கல்பாக்கத்து உலையில் தொடர்வினை நிலைபெற்றது. 1987இல் எரிபொருளைக் கையாளுகையில் நேர்ந்த பழுதால் உலை 1989 வரை நின்றது. 1997இல் மின்சாரம் தந்தது. வகுத்த முழு வெப்பத்திறனான 40 மெகாவாட்டை எட்டியதோ 2022 மார்ச்சில்தான். பொறுமை எத்துணை வேண்டியிருந்தது என்பதை இவ்வாண்டுகளே கூறும்.

உறவும் அற்றுப்போய்விடவில்லை. 2008இல் இரு நாடுகளும் மீண்டும் அணுசக்தி உடன்பாடு செய்துகொண்டன. அணுக்கருப் பிணைவை ஆராயும் 'ஈட்டர்' திட்டத்தில் இந்தியா உள்ளிட்ட ஏழு தரப்பினர் 2006இல் கையொப்பமிட்டனர். அவ்வுலை எழுவது அதே கடராஷில்! அதனைச் சூழ்ந்து நிற்கும், ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுள்ள மாபெரும் எஃகுக் கலம் இந்தியாவின் பங்களிப்பு.

கொடுத்த பொருளை நிறுத்தலாம். கற்பித்த கல்வியைத் திரும்பப் பெற இயலாது. கடராஷில் மாணவராய் அமர்ந்தவர்களின் நாடு இன்று அங்கே பங்காளியாய் நிற்கிறது. பிள்ளைகளைத் தொலைநாடுகளுக்குப் படிக்க அனுப்பும் நம் குடும்பங்கள் இவ்வரலாற்றை நினைவிற் கொள்வது நலம்.