மணிக்குள்ள ஒரு காந்தாரம்

திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்துல காலையில நின்னா கோயில் மணியும் கேட்கும், சர்ச் மணியும் கேட்கும். ரெண்டும் நம்மைக் கூப்பிடும், பாடாது. சரி, மணியைப் பாட வைக்க முடியுமா? அதுக்குன்னே புதுசா மெட்டு போட முடியுமா?

நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கம் இது ஒரு தனிக் கலை. பேரு காரிலான். ஒரே கோபுரத்துல குறைஞ்சது 23 மணி. மரக்கட்டைகளைக் கைமுஷ்டியால அழுத்தினா, கம்பி இழுத்து மணியின் நாக்கு அடிக்கும். மணிகளைச் சரியா சுருதி சேர்க்க முடியும்னு 1644-ல் ஸுட்பென் நகரத்துல காட்டினவங்க ஹெமொனி சகோதரர்கள்.

நமக்குப் பக்கத்துல அவ்வளவு மணி இல்லை. ஆனா சென்னை ரிப்பன் மாளிகைக் கடிகாரத்துக்கு 1913-ல் வார்த்த நாலு மணி இருக்கு. அதோட மெட்டு வெஸ்ட்மின்ஸ்டர். லண்டன் பிக் பென்னால பிரபலமானாலும், அது 1793 வாக்குல கேம்பிரிட்ஜ் தேவாலயக் கடிகாரம் ஒண்ணுக்காகப் போட்டது.

நம்ம ஸ்வரத்துல சொன்னா ச, ரி, க, கீழ் ப. அவ்வளவுதான். இந்த நாலை வச்சு அஞ்சு சின்ன அடிகள். கால் மணிக்கு 'க ரி ச ப'ன்னு கீழ்ப் பஞ்சமத்துல நிக்கும். ஏதோ பாக்கி இருக்கிற மாதிரி இருக்கும். முக்கால் மணிக்கும் அப்படித்தான். அரை மணிக்கும் முழு மணிக்கும் சட்ஜத்துல வந்து உட்காரும். நேரம் என்னன்னு காதே சொல்லிடும்.

சரி, நம்ம ராகத்துல போடலாமா? இங்கதான் சிக்கல். சுருதி சேர்த்த மணியை ஒரு தடவை அடிச்சாலே கீழ் ஸ்தாயி ரீங்காரம், பஞ்சமம், மேல் சட்ஜம் எல்லாம் சேர்ந்து வரும். கூடவே சாதாரண காந்தாரமும். மணியோசையில இருக்கிற சோகம் அதுதான். மோகனத்துக்கு வேண்டியது அந்தர காந்தாரம். சேர்த்து அடிச்சா ரெண்டும் மோதும். 1980-கள்ல நெதர்லாந்துல மணியோட வடிவத்தையே மாத்தி, அந்தர காந்தாரம் வர்ற மணி செஞ்சு பார்த்தாங்க.

இன்னும் ரெண்டு தடை. அடிச்ச மணியைச் சட்டுனு நிறுத்த முடியாது. கமகமும் வராது. அதனால தோடி வேண்டாம்.

என் ஓட்டு சுத்த தன்யாசிக்கு. ச மணிக்குள்ள அதோட காந்தாரம் ஏற்கெனவே இருக்கு. ப மணிக்குள்ள அதோட நிஷாதம் இருக்கு. ராகத்துல பாதி மணியே பாடிடும். நாம செய்ய வேண்டியது, கனமான மணிகளுக்கு நடுவுல போதுமான இடைவெளி விடுறது.

அடுத்த தடவை ஊர்ல மணி அடிச்சா, முதல் அடியை விடுங்க. அது அடங்குறதைக் கேளுங்க. கோயில் மணிக்கும் சர்ச் மணிக்கும் உள்ள ஸ்வரங்கள் ஒண்ணா இருக்கணும்னு இல்லை. எந்த மணியோ, அதுக்குள்ள என்ன இருக்குன்னு கேட்ட பிறகுதான் மெட்டு.