அப்பாயி வாத்தும் ரெண்டு குருணையும்

எங்க கொல்லையில இப்ப ஏழு வாத்து நிக்குது. ஆறு பொட்டை, ஒரு ஆண். "முட்டை வைக்க ஆண் எதுக்கு, தீனிதான் தண்டம்" என்று வீட்டில் தினமும் ஒரு பேச்சு. பேச்சு நியாயம்தான். சீனாவில் 6-ஆம் நூற்றாண்டில் ஜியா சிஷே என்பவர் எழுதிய 'சி மின் யாவ் ஷு' என்ற வேளாண்மை நூலிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. பொட்டையை மட்டும் வை, ஆணைச் சேர்க்காதே, வயிறு நிறையத் தானியம் போடு, ஒரு வாத்து நூறு முட்டை வைக்கும் என்கிறார். அந்த முட்டையை மரப்பட்டைச் சாறும் உப்பும் சேர்த்து ஊறவைத்துக் கெடாமல் காக்கும் முறையும் சொல்லியிருக்கிறார். ஆண் இல்லாமல் வருகிற முட்டை அடைக்குத்தான் ஆகாது, குழம்புக்கு ஒரு குறையும் இல்லை.

வாத்து நமக்கு மட்டும் பழக்கமானதில்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'பாது' என்கிறார்கள். மலையாளத்தில் தாறாவு. அதே சொல்தான் நம்ம பழைய ஆட்களின் 'தாரா'. இலங்கைத் தமிழர் இன்றைக்கும் தாரா என்றுதான் சொல்கிறார்கள்.

இப்ப பண்ணைகளில் தருகிற காக்கி கேம்பெல் வாத்தின் கதை வேடிக்கையானது. ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர் லோம்போக் தீவுக்குப் போனபோது, அங்கே வாத்துகள் பென்குயின் மாதிரி நிமிர்ந்து நடப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். அந்தக் கிழக்குத் தீவு வாத்து கப்பலேறி இங்கிலாந்து போனதும் 'இந்தியன் ரன்னர்' என்று பேர் வாங்கிக்கொண்டது. இந்தியாவுக்கும் அதற்கும் பேர் தவிர ஒட்டு உறவு கிடையாது! 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் குளொஸ்டர்ஷையரில் அடெல் கேம்பெல் என்ற அம்மா, தன்னிடம் இருந்த ஒரு ரன்னரை ரூவன் என்ற பெரிய வாத்தோடு சேர்த்து, பிறகு காட்டு வாத்தையும் கலந்தார். அவர் எதிர்பார்த்தது நல்ல வெளிர் மஞ்சள் நிறம். வந்ததோ பட்டாளத்துச் சட்டை நிறம். அதனால் காக்கி. நல்லா பார்த்துக்கொண்டால் வருஷத்துக்கு 300 முட்டை வரை வைக்கும்.

எங்க அப்பாயி வைத்திருந்தது அதெல்லாம் இல்லை, நாட்டு வாத்து. அறுவடை முடிந்ததும் டெல்டாவுக்கு மந்தை மந்தையாக வாத்து ஓட்டி வருவார்கள். சிந்தின நெல், நத்தை, நண்டு, பொடிமீன் எல்லாம் அதுகளுக்குத் தீனி. அவர்கள் கீரி, சன்யாசி என்று நிறத்தைப் பார்த்துப் பேர் வைத்திருப்பார்கள். ராத்திரி யார் வயலில் அடைத்தாலும் அவருக்கு எரு மிச்சம். அப்படி வந்தவங்ககிட்ட ஒரு மரக்கால் நெல்லைக் கொடுத்து முட்டை வாங்கி அடை வைத்ததில்தான் எங்க வீட்டு வாத்து வந்தது.

வாத்துக்கு அடை உட்காரும் புத்தி அநேகமாகப் போய்விட்டது. கோழியைத்தான் உட்கார வைக்கணும். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28. அப்பாயி முதலில் வாத்து முட்டையை வைத்து, ஒரு வாரம் கழித்துக் கோழி முட்டையைச் சேர்ப்பாள். எல்லாம் ஒன்றாகப் பொரிக்கும். பிறகு வாத்துக்குஞ்சு குளத்தில் இறங்க, தாய்க்கோழி கரையில் நின்று கத்துகிற கத்தலுக்கு நாங்கள் சிரிப்போம்.

வாத்து விடியக்காலையில முட்டை வைக்கும். அதனால் எட்டு மணி வரைக்கும் படலைத் திறக்கக் கூடாது, திறந்தால் முட்டை வாய்க்கால்ல. காலையில தவிடும் அரிசிக் குருணையும் பிசைந்து வைப்பாள். முட்டை டீக்கடைக்குப் போகும், மூலத்துக்கு நல்லதுன்னு கேட்டும் ஆள் வரும். எனக்கு நோட்டு, பென்சில், பள்ளிக்கூடத்துப் பணம் எல்லாம் அந்தக் காசுதான். அப்பாவிடம் கேட்டதாக ஞாபகமே இல்லை.

1986 அல்லது 87, சம்பா நட்டு ஒரு மாதம் இருக்கும். குருத்துப்பூச்சிக்கு ஊரே குருணை மருந்து போட ஆரம்பித்த நேரம். மணலில் கலந்து தண்ணி கட்டின வயலில் விசிறுவார்கள். கார்போஃபியூரான். அப்பாவும் போட்டார். சாயங்காலம் வந்து, "கீழ வயலுக்குக் குருணை போட்டாச்சு" என்றார். அப்பாயி காதில் விழுந்தது. அவளுக்குத் தெரிந்த குருணை ஒன்றுதான்.

மறுநாள் எட்டு மணிக்கு வழக்கம்போலப் படலைத் திறந்தாள். மத்தியானம் ஒன்பதில் ஏழு வரப்பு ஓரமாகக் கழுத்து துவண்டு கிடந்தன. அப்பாயி கத்தவில்லை. குழி வெட்டச் சொல்லிப் புதைத்தாள், நாய் தோண்டாமல் முள் போட்டாள். அப்பாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "குருணைன்னுதானேடா சொன்ன?" மிச்சம் ரெண்டையும் அடுத்த மந்தைக்காரரிடம் கொடுத்துவிட்டாள். அப்புறம் வளர்க்கவே இல்லை.

அந்தக் குருணை ஒவ்வொன்றும் பறவைக்கு விதை மாதிரி தெரியும். பறவைகள் ஏராளமாகச் செத்ததால் 1990-களில் அமெரிக்கா குருணை வடிவத்தைப் பெரும்பாலும் நிறுத்தியது. எங்க ஊரில் வாத்து வளர்த்தவர்கள்தான் நிறுத்தினார்கள். 1989-ல் சத்துணவில் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. நாமக்கல் முட்டை கடைக்குக் கடை வந்தது. வாத்து முட்டையைக் கேட்க ஆள் குறைந்தது. இது ஒரு காரணம்தான், முதல் காரணம் இல்லை என்பது என் எண்ணம்.

நாம் வாத்தை விரட்டின அதே காலத்தில், 1988-ல் ஜப்பானில் தகாவோ ஃபுருனோ என்ற விவசாயி நட்ட வயலுக்குள் வாத்துக்குஞ்சுகளை விட ஆரம்பித்தார். களை, பூச்சி இரண்டையும் அதுகளே தின்னும், எருவும் போடும். அதற்கும் 400 வருஷத்துக்கு முன்னால் மிங் அரசர் காலத்தில் தென்சீனக் கழிமுகத்தில் நாற்றைக் கடிக்கும் சிறுநண்டைத் தீர்க்க வாத்துதான் விட்டிருக்கிறார்கள். இதைப் படித்த பிறகுதான் மூணு வருஷம் முன்னாடி குஞ்சு வாங்கினேன். என் வயலில் மருந்து இல்லை. ஆனால் தண்ணி மேல்மடையிலிருந்துதானே வருது.

நேத்து ஐந்து முட்டை. அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, படலைத் திறக்கிறது இப்ப அவர்தான். ஏழரை மணிக்கே கம்பை ஊன்றிக்கொண்டு மேல்மடைக்காரர் வீடு வரைக்கும் போய், "நேத்து ஏதாச்சும் போட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டு வந்துதான் திறப்பார்.